வேல்ஸ் 40, ஆஸ்திரேலியா 6: வாலபீஸ் அணியின் இந்த வீழ்ச்சிக்கு யார் பொறுப்பு?

பச்சைப்பொன் | 25 செப்டம்பர் 2023

லியோன் நகரில் நம் நேரப்படி இன்று அதிகாலை முடிந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன். ரக்பி உலகக் கோப்பை வரலாற்றில் நம் ஆஸ்திரேலிய அணியான வாலபீஸ் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் இதுவரை தோற்றதில்லை. 1987 முதல் நடந்துவரும் இந்தப் போட்டியில் நாம் ஒருமுறைகூடக் குழுச் சுற்றோடு வீடு திரும்பியதில்லை. 1991, 1999 ஆகிய ஆண்டுகளில் கோப்பையை வென்று, 2003-இலும் 2015-இலும் இறுதிப்போட்டி வரை சென்ற ஓர் அணி, இன்று, இதே குழுவில் நம்மை வென்ற பிஜி அணி ஜார்ஜியாவிடமோ போர்ச்சுகலிடமோ தடுமாற வேண்டும் என்று காத்திருக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

தோல்வியைவிட என்னை வருத்துவது அதற்குச் சொல்லப்படும் காரணம். இது இளம் அணி என்றும், 2027-இல் நம் நாட்டில் நடக்கவிருக்கும் உலகக் கோப்பைக்காக இது வளர்க்கப்படுகிறது என்றும், பொறுமை வேண்டும் என்றும் சொல்கிறார்கள். உலகக் கோப்பை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. அதில் ஆடும் வீரனுக்கும் அதைப் பார்க்க விடுப்பும் சேமிப்பும் செலவழித்துப் பிரான்ஸ் வரை சென்ற ரசிகனுக்கும் அதுவே முழுமையான போட்டி. அதை அடுத்த போட்டிக்கான ஒத்திகை என்று அறிவிக்கும் உரிமை எந்தப் பயிற்சியாளருக்கும் கிடையாது. அனுபவசாலிகளான மைக்கேல் ஹூப்பர் இல்லை, குவேட் கூப்பர் இல்லை, பெர்னார்ட் ஃபோலி இல்லை. ஆட்டத்தை வழிநடத்தும் ஃப்ளை-ஹாஃப் (பத்தாம் எண்) இடத்துக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவர் 22 வயதான கார்ட்டர் கோர்டன் ஒருவர்தான். அந்த ஒருவரையும் இரண்டு ஆட்டங்களுக்குப் பிறகு உட்காரவைத்துவிட்டு, ஜார்ஜியாவுக்கு எதிராக ஃபுல்-பேக்காக (கடைசிக் காவலராக) ஆடிய பென் டொனால்ட்சனை வேல்ஸுக்கு எதிராக அந்த இடத்தில் நிறுத்தினார்கள். நான்கு ஆண்டுத் திட்டம் என்று நமக்குச் சொல்லப்பட்டது இரண்டாவது ஆட்டத்தைக்கூடத் தாங்கவில்லை. இதை எப்படித் திட்டம் என்று அழைப்பது?

மைதானத்தின் பெரிய திரையில் நம் பயிற்சியாளர் எடி ஜோன்ஸ் முகம் தோன்றியபோதெல்லாம் மஞ்சள் சட்டை அணிந்த நம் ரசிகர்களே கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அது எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. ஆனால் அவர்கள் மீது எனக்குக் கோபமும் வரவில்லை.

பிரிஸ்பேன்வாசி | 25 செப்டம்பர் 2023

உங்கள் வேதனையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் எல்லாவற்றையும் ஜோன்ஸ் தலையில் ஏற்றினால் மெய்யான நோய் மறைந்துவிடும் என்று அஞ்சுகிறேன். அவர் கடந்த ஜனவரியில்தான் வந்தார். அவருக்கு முன்பிருந்த டேவ் ரெனியின் அணி 2022-இல் 14 டெஸ்ட் (நாடுகளுக்கிடையேயான) ஆட்டங்களில் ஐந்தில்தான் வென்றது. அந்த நவம்பரில் ஃபுளோரன்ஸ் நகரில் இத்தாலியிடம் 28–27 என்று தோற்றோம். இத்தாலியிடம் நாம் தோற்றது அதுவே முதல்முறை. நியூசிலாந்துடன் மோதும் பிளெடிஸ்லோ கோப்பையை 2002-க்குப் பிறகு நாம் தொட்டதே இல்லை. ஆக, நல்ல நிலையில் இருந்த ஓர் அணியை ஒருவர் வந்து கெடுத்துவிட்டார் என்ற கதை பொருந்தாது.

கூப்பர் விஷயத்திலும் நிதானம் தேவை. 2022 ஆகஸ்டில் அர்ஜென்டினாவில் அவருடைய குதிகால் தசைநார் அறுந்தது. திரும்பி வந்தவர் இந்த ஆண்டு தென்னாப்பிரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் எதிராக ஆடினார், இரண்டிலும் தோற்றோம். மாறாக, டுனீடினில் கோர்டன் ஆடிய ஆட்டத்தில் இடைவேளையின்போது நியூசிலாந்துக்கு எதிராக 17–3 என்று முன்னணியில் இருந்தோம். கடைசியில் 23–20 என்று தோற்றாலும், அந்த முதல் நாற்பது நிமிடங்களைப் பார்த்த எவரும் அந்த இளைஞனை நம்பியிருப்பார்கள். நானும் நம்பினேன், இன்னும் நம்புகிறேன்.

முன்வரிசை | 25 செப்டம்பர் 2023

கோர்டனைத் தேர்ந்தெடுத்ததைக் குறை சொல்பவர்கள் குறைவு, நண்பர் பிரிஸ்பேன்வாசி. அவர் தடுமாறும் நாளில் களத்துக்குள் அனுப்ப ஓர் அனுபவசாலி இல்லை என்பதே குறை. பிஜியிடம் தோற்ற செயின்ட் எட்டியென் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில் பிஜி உயரத் தூக்கியடித்த பந்தை நம் ஆள் பிடிக்காமல் தரையில் விழவிட்டார். ஜோசுவா டுயிசோவா அதை எடுத்துக்கொண்டு ஓடி டிரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றி ஐந்து புள்ளி பெறுவது) போட்டார். ஆட்டம் அங்கேதான் திரும்பியது. அப்படிப்பட்ட வேளையில் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்து, பந்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே அடித்து, அணியைக் கூட்டி நாலு வார்த்தை பேசுவதற்கு எண்பது டெஸ்ட், நூறு டெஸ்ட் ஆடிய ஒருவர் வேண்டும். ஹூப்பர் 125 டெஸ்ட் ஆடியவர். ஜூலையில் கெண்டைக்கால் காயம் இருந்தது உண்மைதான். ஆயினும் ஒரு மாதப் போட்டிக்கு 33 பேரில் ஓர் இடத்தை அவருக்காக வைத்திருக்க முடியாதா?

நான் முன்வரிசையில் கழக அளவில் ஆடியவன். ஆகவே ஸ்க்ரம் (முன்கள வீரர்கள் தோளோடு தோள் சேர்ந்து தள்ளுவது) பற்றியும் ரக் (கீழே விழுந்தவரின் பந்துக்காக நடக்கும் போராட்டம்) பற்றியும் பேசாமல் போக முடியாது. ஜார்ஜியா ஆட்டத்துக்குப் பின் பயிற்சியில் அணித்தலைவர் வில் ஸ்கெல்டனும் டானியேலா டுபோவும் காயமடைந்தார்கள். இருவரும் எதிரணியின் முன்கள வீரர்களை நெட்டித் தள்ளும் பேருடல் படைத்தவர்கள். அவர்கள் இல்லாதபோது வேறு வழியில் ஆடத் தெரிந்திருக்க வேண்டும். நமக்கு அந்த வேறு வழி இல்லை. பந்து ஏந்தியவர் கீழே விழுந்ததும் துணைக்கு வர வேண்டியவர் ஓரடி தாமதமாகவே வந்தார். பிஜியின் லெவானி போட்டியா போன்றவர்கள் அந்த ஓரடி இடைவெளியில் குனிந்து பந்தைப் பற்றிக்கொண்டார்கள். நடுவர் விசில் ஊதினார். பிஜியின் 22 புள்ளிகளில் 15 பெனால்டி உதையில் வந்தவை. வேல்ஸ் ஆட்டத்திலும் இதே கதைதான்: டான் பிகர் காயத்தோடு வெளியேற, மாற்று ஆளாக வந்த கேரத் ஆன்ஸ்கம் ஆறு பெனால்டி, ஒரு டிராப் கோல், ஒரு கன்வெர்ஷன் என்று 23 புள்ளிகளைத் தனியாளாகச் சேர்த்தார். ஒழுங்கோடு ஆடியிருந்தாலும் தோற்றிருப்போம் என்றே நினைக்கிறேன். ஆனால் 40–6 என்று தோற்றிருக்க மாட்டோம்.

இன்னொன்றையும் பதிவு செய்கிறேன். இந்த ஆண்டு ஆடிய எட்டு டெஸ்ட் ஆட்டங்களில் அணித்தலைவர் பொறுப்பு எத்தனை கை மாறியது என்று பாருங்கள். ஹூப்பரையும் ஜேம்ஸ் ஸ்லிப்பரையும் இணைத் தலைவர்களாக அறிவித்தார்கள். பிறகு மெல்பர்னில் ஆலன் அலலடோவா, டுனீடினில் டேட் மெக்டெர்மட், பாரிஸில் ஸ்கெல்டன், அவர் காயமடைந்ததும் டேவிட் பொரெக்கி. சில மாற்றங்கள் காயத்தால் வந்தவை, மறுக்கவில்லை. ஆனால் நெருக்கடியில் யார் முகத்தைப் பார்ப்பது என்பதை ஒரு வீரர் பழக்கத்தால் அறிந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் உருவாக இவர்களுக்கு யாருமே நேரம் தரவில்லை.

மகாவலி | 26 செப்டம்பர் 2023

நான் கண்டியில் பாடசாலை றக்பி பார்த்து வளர்ந்தவன். இப்போது மெல்பேர்னில் வசிக்கிறேன். இந்த இழையில் பீஜியின் பெயர் நம்முடைய துன்பத்துக்குக் காரணமாக மட்டுமே வருவது எனக்கு ஒப்பவில்லை. 1954-க்குப் பிறகு அவர்கள் அவுஸ்திரேலியாவை முதன்முறையாக வென்றார்கள். அது தற்செயல் வெற்றி அன்று. 2022-இல் பீஜியன் டுருவா அணி, கழக அணிகள் மோதும் சூப்பர் றக்பி போட்டியில் சேர்க்கப்பட்டது. அதுவரை பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் சிதறிக் கிடந்த வீரர்களுக்குச் சொந்த மண்ணில் வாரந்தோறும் ஒன்றாக ஆடும் வாய்ப்பு கிடைத்தது. உலகக் கிண்ணத்துக்குச் சில நாட்கள் முன்பு ருவிக்கன்ஹாம் மைதானத்தில் இங்கிலாந்தை 30–22 என்று தோற்கடித்தார்கள்.

பயிற்சியாளருக்கு நேரம் போதவில்லை என்று சகோதரர் பிரிஸ்பேன்வாசி எழுதியிருக்கிறார். பீஜியின் சைமன் ரைவலுயி எப்போது பொறுப்பேற்றார்? வேர்ன் கொட்டர் விலகியதால் இந்த ஆண்டு பெப்ரவரியில். வேல்ஸுக்கு வொரன் கற்லண்ட் எப்போது திரும்பி வந்தார்? கடந்த டிசம்பரில். அதே பெப்ரவரியில் வேல்ஸ் வீரர்கள் ஒப்பந்தப் பிரச்சினையால் வேலைநிறுத்தம் செய்யப்போவதாக எச்சரித்தார்கள். ஐரோப்பாவின் ஆறு நாடுகள் போட்டியில் அந்த அணி பரிதாபமாக ஆடியது. பீஜியோ போட்டி தொடங்கச் சில நாட்கள் இருக்கையில் தன் முதன்மை ஃப்ளை-ஹாஃப் வீரர் கேலப் முன்ட்ஸைக் காயத்தால் இழந்தது. ஒரே குழுவில் மூன்று அணிகளுக்கும் புதிய பயிற்சியாளர், மூன்றுக்கும் குறுகிய காலம், மூன்றுக்கும் உட்சிக்கல். அவற்றில் ஒன்றுதான் தன் அனுபவசாலிகளை வீட்டில் விட்டுவிட்டு வந்தது. கற்லண்ட் என்ன செய்தார்? ஜாக் மோர்கன், டூயி லேக் ஆகிய இரண்டு இளைஞர்களை இணைத் தலைவர்களாக்கினார்; அவர்களுக்கு அருகில் பிகரையும் ஜோர்ஜ் நோர்த்தையும் டௌலுப்பே ஃபலெற்றாவையும் நிறுத்தினார். இளைஞரை வளர்ப்பது என்பது இப்படித்தான் இருக்க வேண்டும்.

பிரிஸ்பேன்வாசி | 26 செப்டம்பர் 2023

மகாவலி அண்ணா, இந்த ஒப்பீட்டுக்கு என்னிடம் முழுமையான மறுமொழி இல்லை. வேல்ஸ் எடுத்துக்காட்டு என் வாதத்தை வலுவிழக்கச் செய்கிறது. ஆனாலும் அடித்தளம் பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது. 2019-இல் நம் இருபது வயதுக்குட்பட்டோர் அணி ஃபிரேசர் மெக்ரைட் தலைமையில் உலகப் போட்டியின் இறுதி வரை சென்று, பிரான்ஸிடம் 24–23 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. நான்கு ஆண்டுகளில் பிரான்ஸ் அந்தத் தலைமுறையை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது, நாம் எங்கே நிறுத்தியிருக்கிறோம்? இடைப்பட்ட பாதையில் எங்கோ நாம் அவர்களைத் தவறவிட்டிருக்கிறோம்.

மேற்குச்சிட்னி | 27 செப்டம்பர் 2023

அந்தப் பாதை எங்கே அறுந்தது என்பதை எங்கள் பகுதியில் வசிக்கும் எவரும் சொல்வார்கள். ரக்பிக்கென்றே பிறந்தவர்கள் போன்ற டோங்கா, சமோவா குடும்பத்துப் பிள்ளைகள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே ரக்பி லீக் (பதின்மூன்று பேர் ஆடும், நம்மோடு போட்டியிடும் வேறொரு விளையாட்டு) கழகங்கள் அவர்களின் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகின்றன: பயிற்சி, காலணி, பயணச்செலவு, நாளைக்கு ஓர் ஒப்பந்தம். எங்கள் விளையாட்டு அவர்களிடம் வருவதில்லை. தனியார் பள்ளியின் உதவித்தொகை கிடைத்தால் அவர்கள்தான் இதைத் தேடிப் போக வேண்டும். 2018-இல் பென்ரித் அணியைச் சிட்னியின் முதல்நிலைக் கழகப் போட்டியிலிருந்தே நீக்கினார்கள். தொடர்ந்து பெரும் புள்ளி வித்தியாசத்தில் தோற்கிறது என்பது காரணம். ஓர் அணி தோற்கிறது என்றால் அந்தப் பகுதிக்குக் கூடுதலாகப் பயிற்சியாளர்களை அனுப்புவதுதானே முறை?

இந்த மார்ச்சில் ஜோசப் சுவாலீயை ரக்பி லீக்கிலிருந்து பெருந்தொகைக்கு ஒப்பந்தம் செய்தார்கள். அருமையான வீரர், வரட்டும், வரவேற்கிறேன். அவர் பாரமட்டாவின் கிங்ஸ் பள்ளியில் ரக்பி ஆடியவர்தான். கைக்குள் இருந்த பிள்ளையைப் போகவிட்டு, பிறகு சந்தை விலை கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம். அந்தத் தொகையில் ஒரு பகுதி ஆண்டுதோறும் எங்கள் பகுதி இளையோர் பயிற்சிக்கு வந்திருந்தால், வெளியே வாங்க வேண்டிய தேவையே குறைந்திருக்கும். நெற்களஞ்சியத்தின் அடியில் ஓட்டை இருக்கும்போது மேலிருந்து எவ்வளவு கொட்டினாலும் நிறையாது.

பச்சைப்பொன் | 27 செப்டம்பர் 2023

மேற்குச்சிட்னி அவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் ஏற்கிறேன். ஆனால் அடித்தளம் பழுதாகியிருப்பதை நிர்வாகத்துக்கு ஒரு கேடயமாகக் கொடுத்துவிடக் கூடாது. இந்தக் குழுவில் மேலேற உலகின் தலைசிறந்த அணியாக இருக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. 2020 டிசம்பரிலேயே குழுக்களைப் பிரிக்கும் குலுக்கல் நடந்ததால் பிரான்ஸ், அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து ஆகிய நான்கு வலிய அணிகளும் எதிர்ப் பாதியில் ஒன்றையொன்று மோதிக்கொள்ளும்படி அமைந்துவிட்டன. நமக்குக் கிடைத்ததுபோல எளிய பாதை இனி எப்போது கிடைக்கும் என்று தெரியாது. ரெனியின் அணி தோற்றது உண்மை. ஆனால் அவருடைய கடைசி மாதத்தில் பாரிஸில் 30–29, டப்ளினில் 13–10 என்று நூலிழையில் தோற்று, கார்டிஃபில் 34–13 என்று பின்தங்கியிருந்து அதே வேல்ஸை 39–34 என்று வென்றது. பத்து மாதங்களுக்குப் பிறகு அதே எதிரியிடம் 40–6. இடையில் நடந்தவற்றுக்கு இளையோர் பயிற்சியின் குறைபாடு விளக்கமாகாது.

உலகக் கோப்பைக்கு எட்டு மாதங்கள் இருக்கையில் ரெனியை நீக்கிவிட்டு, ஜோன்ஸுக்கு 2027 வரை ஒப்பந்தம் கொடுத்தவர்கள் ரக்பி ஆஸ்திரேலியாவின் நிர்வாகக் குழுவினர். அதை முன்னின்று செய்தவர் அதன் தலைவர் ஹேமிஷ் மெக்லென்னன். பிறகு என்ன நடந்தது? ஐந்து டெஸ்ட், ஐந்து தோல்வி: பிரிட்டோரியா, பாரமட்டா, மெல்பர்ன், டுனீடின், பாரிஸ். போட்டி தொடங்கவிருந்த வேளையில் தாக்குதல் ஆட்டப் பயிற்சியாளர் பிராட் டேவிஸ் விலகினார். அப்போதே யாராவது எழுந்து, இது சரியான திசையில் செல்கிறதா என்று கேட்டிருக்க வேண்டாமா?

வேல்ஸ் ஆட்டத்துக்கு முன்னதாக வெளியான செய்தியையும் எல்லோரும் படித்திருப்பீர்கள்: ஜோன்ஸ் ஜப்பான் அணியின் பொறுப்புக்காகப் பேச்சு நடத்தினார் என்பது அந்தச் செய்தி. அவர் அதை மறுத்திருக்கிறார். உண்மை எதுவாயினும், 2027-ஐக் காட்டித்தான் ஹூப்பரையும் கூப்பரையும் வீட்டில் விட்டார்கள். அந்த 2027-இல் இவர் இங்கே இருப்பாரா என்ற கேள்வியே எழக் கூடாது. எழுந்துவிட்டது.

முன்வரிசை | 2 அக்டோபர் 2023

போர்ச்சுகலை 34–14 என்று வென்றோம். போனஸோடு (நான்கு டிரை போட்டாலோ ஏழு புள்ளிகளுக்குள் தோற்றாலோ கிடைக்கும் கூடுதல் புள்ளி) சேர்த்து, குழுப் பட்டியலில் நமக்கு 11 புள்ளிகள். ஜார்ஜியாவைப் பிஜி 17–12 என்று போராடி வென்றுவிட்டதால், அடுத்த ஞாயிறு போர்ச்சுகலுக்கு எதிராக அவர்களுக்கு ஒரே ஒரு புள்ளி போதும். சமமானால் நேருக்கு நேர் ஆட்டத்தில் வென்ற அணியே மேலேறும். போர்ச்சுகல் வீரர்கள் நமக்கெதிராக ஆடிய விதத்தை மனமாரப் பாராட்ட வேண்டும். மைதானத்தின் அகலம் முழுவதையும் பயன்படுத்தித் துணிவோடு ஆடினார்கள். நம் வீரர்கள் ஆங்கஸ் பெல், மெக்ரைட், நவாகனிடவாசே ஆகியோர் இந்தப் போட்டி முழுவதும் காட்டிய உழைப்பையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இழை முழுவதும் குறைகளால் நிரம்பிவிட்டது.

பிரிஸ்பேன்வாசி | 9 அக்டோபர் 2023

துலூஸில் போர்ச்சுகல் 24, பிஜி 23. உலகக் கோப்பையில் போர்ச்சுகலின் முதல் வெற்றி. ஒரு புள்ளியில் தோற்றதால் பிஜிக்குப் போனஸ் புள்ளி கிடைத்தது. அவர்களும் 11, நாமும் 11. அவர்கள் காலிறுதிக்குப் போகிறார்கள். செயின்ட் எட்டியெனில் ஏழு புள்ளிகளில் தோற்றோம். அங்கே விட்டுக்கொடுத்த பெனால்டிகளை இன்று விடியற்காலையில் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். மகாவலி அண்ணாவுக்கும் பிஜி ரசிகர்களுக்கும் வாழ்த்துகள்.

மகாவலி | 9 ஒக்ரோபர் 2023

நன்றி தம்பி. அவர்களும் இன்று நன்றாக ஆடவில்லை. ஆனால் முதல் ஆட்டத்தில் வேல்ஸிடம் 32–26 என்று தோற்றபோதே நான்கு ட்ரை போட்டு இரண்டு போனஸ் புள்ளிகள் சேர்த்துவைத்தார்கள். தோற்கும்போதும் கடைசி நிமிடம் வரை புள்ளிக்காக ஓடியது இன்று கைகொடுத்தது. நாங்கள் லியோனில் கடைசிக் கால் மணி நேரம் எப்படி ஆடினோம் என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு விளங்கும்.

பச்சைப்பொன் | 30 அக்டோபர் 2023

எடி ஜோன்ஸ் விலகிவிட்டார். இந்த ஆண்டு ஒன்பது டெஸ்ட், இரண்டு வெற்றி. எதற்காக ஓர் உலகக் கோப்பையை முழுமையாகத் தியாகம் செய்தோமோ அந்த நான்கு ஆண்டுத் திட்டம், அதை வகுத்தவர் இல்லாமல் அநாதையாக நிற்கிறது. இந்த இழையின் தொடக்கத்தில் நான் எழுதியதை மேலும் உறுதியாக இப்போது எழுதுகிறேன்: இன்றைய போட்டியை நாளைய போட்டிக்காக விட்டுக்கொடுக்கலாம் என்று ஒரு தேசிய அணியின் நிர்வாகம் இனி ஒருபோதும் முடிவெடுக்கக் கூடாது. நிர்வாகக் குழுவில் அந்த நியமனத்துக்கு ஆதரவளித்தவர்கள், என்ன ஆய்வின் பேரில் அதைச் செய்தார்கள் என்று வெளிப்படையாக விளக்க வேண்டும். 2001 முதல் 2005 வரை அவர் இதே அணிக்குப் பயிற்சியளித்து, அப்போதும் ஒப்பந்தம் முடியும் முன்பே நீக்கப்பட்டவர். அவருடைய முறை எப்படிப்பட்டது என்பதை அறியாமல் யாரும் கையெழுத்திடவில்லை.

மேற்குச்சிட்னி | 30 அக்டோபர் 2023

அடுத்த பயிற்சியாளர் யார் என்று எல்லோரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். அவரிடம் கேட்க எனக்கு ஒரே கேள்விதான்: எங்கள் மேற்குச் சிட்னியின் லிவர்பூலுக்கும் பென்ரித்துக்கும் மவுண்ட் டிரூயிட்டுக்கும் எப்போது வருவீர்கள்? ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக நடத்தும் பயிற்சி மையங்களை ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவராவிட்டால் யார் வந்தாலும் இதே 33 பேரைச் சுற்றித்தான் வட்டமிட வேண்டியிருக்கும்.

முன்வரிசை | 31 அக்டோபர் 2023

இதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஜோன்ஸ் மீதுள்ள கோபத்தில் அவர் தேர்ந்தெடுத்த இளைஞர்களையும் சேர்த்து ஒதுக்கிவிடும் ஆபத்து இப்போது இருக்கிறது. சமூக ஊடகங்களில் கோர்டனைப் பற்றி எழுதப்படுபவற்றைப் படிக்கும்போது வேதனையாக இருக்கிறது. 22 வயதில் தனக்குப் பின்னால் எந்த மூத்தவரும் இல்லாத நிலையில் அந்தப் பத்தாம் எண் சட்டையை அணியச் சொன்னார்கள், அவர் மறுக்கவில்லை. 2025-இல் பிரிட்டிஷ்–ஐரிஷ் லயன்ஸ் அணி இங்கே வருகிறது. அதற்குள் அவருக்கும் டொனால்ட்சனுக்கும் தொடர்ந்து ஆடும் வாய்ப்பும், அருகில் இருந்து கற்பிக்க ஒரு மூத்த ஃப்ளை-ஹாஃபும் கொடுக்க வேண்டும். கூப்பரோ ஃபோலியோ, ஆடவோ கற்பிக்கவோ ஒப்புக்கொண்டால் நிர்வாகம் இந்த வாரமே அவர்களை அழைத்துப் பேச வேண்டும்.